எண்ணெயில் ஒரு முக்கூடல்: ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வாழ்க்கை



ரெனால்ட்ஸ் என்ற பேரைச் சொன்னதும் நம்ம வகுப்பில் எல்லாருக்கும் என்ன ஞாபகம் வரும்? ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் வருகிற இரண்டு மார்க் கேள்விதான்! குழாயில் அந்த எண் 2000-க்குக் கீழே இருந்தால் லேமினார், 4000-க்கு மேலே போனால் டர்புலன்ட். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவர் கல்லூரிக்குப் போவதற்கு முன்னாடியே பட்டறையில் கையில் கரியோடு நின்றவர். ஒரு லாரி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரும்போடு இரும்பு உரசாமல் லட்சக்கணக்கான கிலோமீட்டர் எப்படிச் சுத்துகிறது என்ற ரகசியத்தை உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவரேதான். இது தெரியாமலே நம்மில் பல பேருக்கு டிப்ளமோ முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவர் வாழ்க்கையை எழுத ஆசைப்பட்டேன்.

பட்டறையிலிருந்து கேம்பிரிட்ஜ்

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1842-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி அயர்லாந்து தீவில் உள்ள பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார், பள்ளிக்கூட ஆசிரியர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அதோடு விடாமல் விவசாய இயந்திரங்களில் திருத்தம் செய்து காப்புரிமையும் வாங்கியவர். மகனுக்கு ஆரம்பப் பாடம் எல்லாம் அப்பாவிடம்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர். அம்மா தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுத்திக் கொடுப்பவர். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை.

ஆனால் அடுத்து வந்த சேதியைப் படித்ததும் அந்தப் பொறாமை போய்விட்டது. 1861-ல், ஏறக்குறைய நம்ம வயசில், ரெனால்ட்ஸ் நேராகக் கேம்பிரிட்ஜுக்குப் போகவில்லை. ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் எட்வர்டு ஹேய்ஸ் என்பவரின் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார்! அங்கே இயந்திரங்கள் செய்கிற காரியங்களைக் கண்ணால் பார்த்தார். பல விஷயங்களுக்குக் காரணம் கேட்டால் பதில் கிடைக்கவில்லை. காரணம் தெரிய வேண்டுமென்றால் கணிதம் வேண்டும் என்று புரிந்துகொண்டார். அதன் பிறகுதான் கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரி. 1867-ல் கணிதத் தேர்வில் ஏழாவது இடத்தில் தேறினார்.

நம்மில் சில பேர் கணக்கு வராதுன்னுதான் பாலிடெக்னிக் வந்தோம். அவரோ பட்டறை வேலைக்காகவே கணக்கைத் தேடிப் போனார். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக்கூடாது.

மான்செஸ்டர் பேராசிரியர்

லண்டனில் கொஞ்ச நாள் சிவில் இன்ஜினியர்களிடம் வேலை பார்த்தார். 1868-ல் மான்செஸ்டரில் இருந்த ஓவன்ஸ் கல்லூரியில் இன்ஜினியரிங் பேராசிரியர் பதவி புதிதாக உருவானது. அந்த ஊர்த் தொழிலதிபர்கள் பணம் போட்டு உண்டாக்கிய பதவி அது. மான்செஸ்டர் என்றால் காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் கைத்தறிக்காரர் வயிற்றில் அடித்த மில் துணி வந்த ஊர்தான்! அங்கே 25 வயதில் பேராசிரியர் ஆனவர், 1905-ல் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார்.

சொந்த வாழ்க்கையில் துக்கம் சீக்கிரமே வந்தது. 1868-ல் கல்யாணம், மறு வருஷமே மனைவி இறந்துபோனார். அவர் விட்டுப்போன மகனும் 1879-ல் காலமானான். 1881-ல் மறுமணம் செய்துகொண்டார். இதற்கு நடுவிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1877-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

வாத்தியாராக அவர் எப்படி? அவர் பாடம் நடத்தினால் பின்தொடர்வது ரொம்பக் கஷ்டமாம்! ஆனாலும் அவரிடம் 14 வயதில் படிக்க வந்த ஒரு பையன்தான் பின்னாளில் எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன். ஆகவே, வகுப்பில் புரியவில்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம் நண்பர்களே!

1883-ல் அவர் செய்த குழாய்ச் சோதனை நமக்குத் தெரிந்ததுதான். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை மெல்லிய கோடாக விட்டார். மெதுவாகப் போகும்போது கோடு கலையவில்லை. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் கோடு உடைந்து கலங்கிவிட்டது. அந்த எல்லையைக் குறிக்கும் எண்ணுக்குத்தான் பிற்காலத்தில் அவர் பெயரை வைத்தார்கள். நம்ம பாடப் புத்தகம் இதோடு அவரை விட்டுவிடுகிறது. நான் சொல்ல வந்த கதையே இனிமேல்தான்.

மரக்கட்டையைத் தள்ளிய எண்ணெய்

அந்தக் காலத்தில் ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகள் சூடாகிக் கெட்டுப்போவது பெரிய தலைவலி. இதை ஆராயச் சொல்லி இங்கிலாந்து மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் பியூச்சாம்ப் டவர் என்ற இன்ஜினியரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் 4 இஞ்சு விட்டம், 6 இஞ்சு நீளம் உள்ள ஒரு ஷாஃப்டைச் சுத்தவிட்டார். அதன் மேல் பித்தளை பேரிங்கை வைத்துப் பாரம் ஏற்றினார். ஷாஃப்டின் அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுத்தியது. பம்ப் எதுவும் கிடையாது.

எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் அரை இஞ்சு ஓட்டை போட்டார்கள். ஷாஃப்ட் சுத்தியதும் என்ன ஆச்சு தெரியுமா? ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது! கார்க்கை வைத்து அடைத்தார்கள், அதைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்துப் பார்த்தார்கள், அதையும் மெள்ள வெளியே தள்ளியது. கடைசியில் அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைப் பொருத்தினார்கள். சதுர இஞ்சுக்கு 200 பவுண்டையும் தாண்டி முள் போய்விட்டது. பேரிங்கின் மேல் ஏற்றிய பாரமோ சராசரியாகச் சதுர இஞ்சுக்கு 100 பவுண்டுதான்.

டவர் இதை 1883-ல் அறிக்கையாகக் கொடுத்தார். பம்ப்பே இல்லாத இடத்தில் அவ்வளவு பிரஷர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை ரெனால்ட்ஸ் கையில் எடுத்தார். 1886-ல் பதிலைக் கணக்கோடு வெளியிட்டார். அதுதான் இன்று உலகம் முழுக்க பேரிங் டிசைனுக்கு அடிப்படையான ரெனால்ட்ஸ் சமன்பாடு.

மூன்று சேர்ந்தால்தான் படலம்

சமன்பாட்டை இங்கே எழுதி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். எங்க ஊரை வைத்தே சொல்லிவிடுகிறேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் எங்க ஊர் திருமுக்கூடல். ரெனால்ட்ஸ் சொன்னதும் ஒரு முக்கூடல்தான்.

முதலாவது, சுழற்சி. சுத்துகிற ஷாஃப்ட் தன் மேல் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, எண்ணெயின் பிசுக்குத் தன்மை, அதாவது விஸ்காசிட்டி. தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தால் போதாது. மூன்றாவது, ஆப்பு வடிவ இடைவெளி. ஷாஃப்டை விட பேரிங் துளி பெரிதாக இருப்பதால், பாரத்தில் ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது ஒரு புறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும் ஒரு சந்து உண்டாகும். அகலமான பக்கத்திலிருந்து குறுகலான பக்கத்துக்கு இழுக்கப்படும் எண்ணெய் நெருக்கப்பட்டு, தானே பிரஷரை உண்டாக்கி ஷாஃப்டைத் தூக்கிவிடும். இதில் ஒன்று குறைந்தாலும் படலம் கிழியும், இரும்பு உரசும்.

எண்ணெய் சூடானால் பிசுக்குக் குறையும் என்பதையும் அவர் சும்மா சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெயைப் பல வெப்பநிலைகளில் அளந்து கணக்கில் சேர்த்தார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பெரிய உண்மை தெரிகிறது. லாரி டேஷ்போர்டில் இருக்கிற ஆயில் பிரஷர் மீட்டர் காட்டுவது கிராங்க்கைத் தாங்குகிற பிரஷர் இல்லை! அது பம்ப் ஊட்டிவிடுகிற பிரஷர் மட்டும்தான். தாங்குகிற பிரஷரை ஷாஃப்ட் தானே படலத்துக்குள் உண்டாக்கிக்கொள்கிறது, அது மீட்டரில் காட்டுவதை விடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் மீட்டர் எதற்கு? பேரிங்கின் பசிக்குத் தேவையான எண்ணெய் போகிறதா, போனது நிற்காமல் ஒழுகுகிறதா என்று சொல்வதற்குத்தான். இடைவெளி இரண்டு மடங்கு ஆனால், அதே பிரஷரில் ஒழுகும் எண்ணெய் எட்டு மடங்கு ஆகும். பம்ப்பால் ஈடுகொடுக்க முடியாது. முள் விழும்.

எங்க வீட்டு வழக்கு

இந்தக் கணக்கு எனக்கு மார்க் வாங்கித் தந்ததோ இல்லையோ, போன வருஷம் எங்கப்பாவின் பேரைக் காப்பாற்றியது. அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்க மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கடன் வாங்கி ஓட்டுகிற ஜல்லி லாரிக்கு அப்பாதான் டிரைவர். ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்கி, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பேரிங் ஷெல் போட்டு ஏற்றினார்கள். மூன்று மாசம்தான் ஓடியது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முள் நன்றாக நிற்கும். மத்தியானம் லோடு இறக்கிவிட்டு ஐடிலில் நின்றால் முள் அடியில் படுத்துவிடும். அப்புறம் அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். அப்பா அன்றைக்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பட்டறையில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: டிரைவர் ஆயில் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார் என்று. மாமா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

செமஸ்டர் லீவில் நான் போய், கழற்றிப் போட்டிருந்த ஷெல்களை வாங்கித் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் இல்லாமல் ஓடிய பேரிங் எப்படி இருக்கும்? மேல் பூச்சு உருகி இழுபட்டு, சூட்டில் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். இவற்றில் சூட்டு நிறமே இல்லை. அதற்குப் பதிலாகச் சுற்றுவாக்கில் மெல்லிய கீறல்கள், ரிக்கார்டுத் தட்டில் இருக்கிற மாதிரி. சில இடங்களில் கறுப்பு மணல் போலத் துகள்கள் பதிந்திருந்தன. பூச்சு தேய்ந்து அடியில் செம்பு நிறம் தெரிந்தது. அடுத்து, கிராங்க்குக்குள் சாய்வாகப் போகிற எண்ணெய்த் துளைகளில் கம்பியை விட்டு டீசல் ஊற்றினேன். கறுப்புக் கூழ் வந்தது. விரலில் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி நறநறத்தது. கிரைண்டிங் தூள்! துளைகளின் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமலே கிராங்க்கை மாட்டியிருக்கிறார்கள்.

மிச்சக் கதையை ரெனால்ட்ஸே சொல்லிவிட்டார். தூள் படலத்தை விடத் தடிமன். அது ஷெல்லைத் தேய்த்தது, இடைவெளி பெருகியது, எண்ணெய் ஒழுகியது. சூட்டில் எண்ணெய் நீர்த்ததும் முள் விழுந்தது. காலையில் முள் நின்றதற்கும் மத்தியானம் படுத்ததற்கும் இதுதான் காரணம். மாமாவைக் கூட்டிவந்து ஷெல்லையும் கூழையும் கையிலேயே கொடுத்தேன். அவர் அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இன்ஜின் வேலை முடிந்த அன்றைக்குச் சாவியை அப்பா கையில்தான் கொடுத்தார். அது போதும்.

முதலில் நாடி, பிறகுதான் கத்தி

எங்க ஊர்ப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு ஆதுலசாலை இங்கே நடந்ததாக அது சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் வேறொருவர் என்று தனித்தனியாகச் சம்பளம். முதலில் நாடி, பிறகுதான் கத்தி! இன்ஜினுக்கும் அதே முறைதான். பட்டறைக்குப் போகப்போகிற தோழர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சம்ப்பைக் கழற்றுவதற்கு முன்: டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள். எண்ணெய் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, டீசல் வாடை அடித்தாலோ, எண்ணெய் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். மீட்டரையே நம்பாதீர்கள். மெயின் கேலரியில் வேறொரு நல்ல கேஜைப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினிலேயே பிரஷர் இல்லையென்றால் பம்ப், ரிலீஃப் வால்வ், உறிஞ்சு குழாயின் ஜாயிண்ட், மாட்ட மறந்த கேலரி பிளக் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். சூடான பிறகு மட்டும் விழுந்தால் பேரிங் இடைவெளியோ எண்ணெயின் தரமோ காரணமாக இருக்கலாம். பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள், மினுக்கும் தூள் இருந்தால் உள்ளே தேய்மானம்.

கழற்றிய பிறகு: ஷெல்லின் முதுகில் போட்டிருக்கும் அண்டர்சைஸ் அளவும் கிராங்க் அளவும் பொருந்துகிறதா என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். ஷாஃப்ட் விட்டம் 25 மில்லிமீட்டருக்கு 0.025 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுக்கணக்கு. சரியான அளவு கம்பெனி மேனுவலில் இருக்கும். எதிரெதிர் ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: துளையில்லாத ஷெல்லைத் துளை வரவேண்டிய இடத்தில் மாட்டிவிட்டால் அந்த பேரிங்குக்கு எண்ணெயே போகாது. ஆனால் மீட்டரில் முள் ஜம்மென்று நிற்கும்! முள் நிற்கிறது என்பதற்காக இன்ஜின் நலம் என்று சொல்லிவிட முடியாது.

கடைசி நாட்கள்

ரெனால்ட்ஸின் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்ற இன்ஜினியர் அதை வைத்தே 1905-ல் சாயும் தட்டுகள் கொண்ட த்ரஸ்ட் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனியாக அதே வழிக்கு வந்தார். பெரிய கப்பல்களின் தள்ளுவிசையையும், நீர்மின் நிலைய டர்பைன்களின் பாரத்தையும் தாங்குவது அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். விஸ்காசிட்டியை அளக்கும் ஓர் அலகுக்கு ரெயின் என்று அவர் நினைவாகவே பெயர் வைத்தார்கள்.

1888-ல் ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. உடல்நலம் குன்றி 1905-ல் ஓய்வு பெற்றார். 1912 பிப்ரவரி 21-ஆம் தேதி சோமர்செட்டில் உள்ள வாட்செட் என்ற கடலோர ஊரில், 69-ஆம் வயதில் கண்மூடினார்.

நண்பர்களே! அவர் பட்டறையை மட்டம் என்று நினைக்கவில்லை, கணக்கை வீண் என்றும் நினைக்கவில்லை. ஒரு ஓட்டையிலிருந்து எண்ணெய் பொங்கியதைப் பலர் பார்த்தார்கள், ஏன் பொங்கியது என்று கேட்டு முடிவுவரை போனவர் அவர். நாளைக்கு நம் முன்னால் ஒரு இன்ஜின் வந்து நிற்கும். கூடவே, யார் தலையிலாவது பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு அவசரமும் வரும். அந்த நேரத்தில் ஷெல்லைத் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். அளந்து பார்ப்போம். பிறகு பேசுவோம். ஒரு டிரைவரின் சம்பளமோ மானமோ அந்த அரை மணி நேரத்தில் இருக்கலாம்.



– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், திருமுக்கூடல்